கதைப் புத்தகத் தமிழிலேயே பேசுகிறாள் என் மகள்: அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்கலாமா?

கோவை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயது. கைக்குழந்தையாக இருந்தபோதிருந்தே ராத்திரி படுக்கும்போது ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம், அது இல்லாவிட்டால் அவளும் தூங்க மாட்டாள், எனக்கும் நாள் முடிந்த மாதிரி இருக்காது. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசிப்பேன், பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதில்லை.

கொஞ்ச நாளாக அந்தப் புத்தகத் தமிழ் அவள் வாய்க்கு வந்துவிட்டது. போன வாரம் எங்கள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். கொல்லைக் கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொண்டது. இவள் கையில் இருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, கண்ணை அகல விரித்து, "திடீரென்று ஒரு பயங்கரமான சத்தம் கேட்டது! எல்லோரும் நடுநடுங்கினார்கள்!" என்றாள். அப்புச்சிக்கு ஒரே பெருமை. ஆனால் என் அண்ணன் பையன்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்க "நடுநடுங்கினார்கள், நடுநடுங்கினார்கள்" என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்து கேலி செய்தார்கள். அம்மிச்சியும் "ஏங்கண்ணு ரேடியோல பேசற மாதிரி பேசறே, நம்மூட்ல பேசற மாதிரி பேசு சாமி" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் இருட்டும் வரை அவள் வாயே திறக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு விஷயம் அவளுடைய கற்பனை. எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டும்பன் என்று ஒரு யானை குடியிருக்கிறதாம். அதற்குத் தும்பிக்கையில் சளி, அதனால் மழை பெய்தால் அதை வீட்டுக்குள் கூப்பிட்டுத் துவட்டிவிட வேண்டும். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இந்த யானை கிடையாது, முழுக்க அவள் உண்டாக்கியது. விளையாட்டுப் பள்ளியில் போய், "எங்க வீட்டுச் சுவரை யானை இடிச்சிடுச்சு, அப்பா அழுதாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அங்கே உள்ள மிஸ் என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்குப் பொய் சொல்லும் பழக்கம் வருகிறது, கதை வாசிப்பதைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார்.

எனக்குக் குறைக்க மனமில்லை. ஆனாலும் அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பதா, இல்லை வீட்டில் பேசுவது போல மாற்றிச் சொல்வதா? யானை விஷயத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? அப்புறம், ஒரே புத்தகத்தைத்தான் தினமும் கேட்கிறாள், புதுசு எடுத்தால் தூக்கிப் போடுகிறாள், இதில் சொல்வளம் எப்படிக் கூடும் என்றும் ஒரு சந்தேகம்.

நெல்லை மனோரஞ்சிதம் எழுதியது:

முதலில் அந்த யானையை விரட்டிவிடாதீர்கள், அதைத்தான் சொல்ல ஓடி வந்தேன்.

என் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. அவனுக்கு நாலு வயது நடக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு முதலை இருந்தது. வீட்டில் முறுக்கு சுட்டால் உடைந்த துண்டெல்லாம் முதலைக்குத்தான். எங்கள் ஆச்சி முறத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள், அதுதான் அதன் படகு. நானும் முதலில் இதென்ன பழக்கம் என்றுதான் யோசித்தேன். ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு பல்லி தொப்பென்று விழுந்தது, பயல் ஒரே ஓட்டமாக ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான். அடியில் அவ்வளவு பெரிய முதலை இருக்கிறதே, அதைக் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிடவில்லை. எது நிஜம், எது விளையாட்டு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நாம்தான் குழம்புகிறோம்.

பொய் என்றால் ஒன்றிலிருந்து தப்பிக்கச் சொல்வது. சுவரில் கிறுக்கியது யார் என்று கேட்டால் "டும்பன்" என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு. அப்போதும் யானை உண்டா இல்லையா என்று வழக்காட வேண்டாம், "சரி, டும்பனும் நீயும் சேர்ந்து இந்த ஈரத் துணியால் துடைங்க" என்றால் போதும், வேலையும் நடக்கும், விளையாட்டும் கெடாது. மற்றபடி யானை சுவரை இடித்தது, அப்பா அழுதார் என்பதெல்லாம் கதை. அதில் ஒரு சம்பவம் இருக்கிறது, அதனால் ஒருவருக்கு என்ன ஆனது என்பது இருக்கிறது. மூன்றரை வயதில் இப்படிக் கோத்துச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்!

நான் செய்தது ஒன்று சொல்கிறேன். அவன் முதலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஒரு பழைய டைரியில் எழுதினேன். அவன் சொன்ன வார்த்தையிலேயே, திருத்தாமல். எழுதியதை வாசித்துக் காட்டினால் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தன் பேச்சு இன்னொரு வாய் வழியாகத் திரும்பி வருவதை அப்படி உன்னிப்பாகக் கேட்பான். "இல்லம்மா, அது சும்மா வரலை, பதுங்கிப் பதுங்கி வந்துச்சு" என்று திருத்தவும் செய்வான். அந்தப் "பதுங்கி" புத்தகத்தில் இருந்து எடுத்ததுதான், நான் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னதாக நினைவே இல்லை.

கேலி செய்த பையன்களுக்கும் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள், இவளையே பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள். சரியாகிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சை எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பே எடுத்தவள் நான். உன் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான். அச்சில் இருப்பதை அப்படியே வாசி. நிறுத்தி நிறுத்தி வீட்டுத் தமிழில் பேசு. இரண்டும் வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் மொழியில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. வீட்டில் "வந்துச்சு" என்கிறோம், புத்தகத்தில் "வந்தது" என்று இருக்கிறது. வீட்டில் "அவங்க போறாங்க", புத்தகத்தில் "அவர்கள் போகிறார்கள்". ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை எழுத்தை மட்டும் கற்றுக்கொள்வதில்லை, அதுவரை காதால் கேட்டிராத ஒரு தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஓசை ஏற்கெனவே பழக்கம். "நரி காட்டுக்குள் ஓடி" என்று வாசித்துக்கொண்டு வந்தால் அடுத்தது "மறைந்தது" என்று வரும் என்று அதன் காதே எதிர்பார்க்கும், எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்காது. அப்படிக் கேட்டிராத பிள்ளைக்கு எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, வாக்கியத்தின் முடிவும் புதிது. எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த இடத்தில் திணறி, தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அதனால்தான் உன் மகள் "நடுநடுங்கினார்கள்" என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டையும் குழப்பிக்கொள்வாளோ என்று பயப்படாதே. எது எங்கே பேசுவது என்று பிள்ளைகள் தாமாகவே பிரித்துக்கொள்வார்கள். விளையாட்டு மைதானத்தில் "எங்க வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சு டீச்சர்" என்று சொன்ன அதே பிள்ளை, வகுப்புக்குள் கதை சொல்ல எழுப்பி நிறுத்தினால் "ஒரு ஊரில் ஒரு பூனை இருந்தது, அது நான்கு குட்டிகள் போட்டது" என்று ஆரம்பிக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது உன் மகள் இரண்டையும் கலந்து பேசுகிறாள், அது அந்த வயதுக்கு உரியது. "நேத்து" என்ற சொல்லைக் கவனித்துப் பார், நடந்து முடிந்த எல்லாவற்றுக்கும் "நேத்து" என்றுதான் சொல்வாள், போன தீபாவளியும் நேத்துதான், காலையில் குடித்த பாலும் நேத்துதான். அதைப் பார்த்து நாம் பயப்படுவதில்லையே, இதுவும் அப்படித்தான்.

சொல்வளம் என்றால் எல்லோரும் பெயர்ச்சொல்லைத்தான் எண்ணுகிறார்கள். பழங்கள் பெயர், விலங்குகள் பெயர், வண்ணங்கள் பெயர் என்று சுவரில் அட்டை தொங்கவிடுகிறார்கள். அதற்கு அட்டை போதும், கதை வேண்டியதில்லை. கதையில் கிடைப்பது வினைச்சொல். வீட்டில் நாள் முழுக்க ஒரு பிள்ளையிடம் நாம் சொல்வதைக் கவனி: வா, போ, சாப்பிடு, உட்காரு, தூங்கு, தொடாதே. கதைக்குள் போனால் நத்தை ஊர்கிறது, முயல் துள்ளுகிறது, தவளை தத்துகிறது, குரங்கு தாவுகிறது, பாம்பு நெளிகிறது, பூனை பதுங்குகிறது, குருவி எட்டிப் பார்க்கிறது. ஒன்றுக்கு ஒன்று வேறு அசைவு. நான் வகுப்பில் சொல்லை மட்டும் சொல்வேன், பிள்ளைகள் உடம்பால் செய்து காட்ட வேண்டும். "ஊர்" என்றால் எல்லோரும் தரையில், "தத்து" என்றால் பெஞ்சு எல்லாம் குலுங்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குத் தொந்தரவாக இருந்திருக்கும், ஆனால் ஒரு தடவை தத்திய பிள்ளை அந்தச் சொல்லை மறப்பதே இல்லை. நீயும் வீட்டில் செய்து பார்.

கூடவே பாட்டும் சேர்த்துக்கொள். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கு எழுதிய பாட்டுகள் வாயில் வைத்தாலே ஓடும், எதுகை பிடித்துக்கொண்டே சொல் தானாக வரும்.

மதுரை அப்பா எழுதியது:

டீச்சரம்மா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியில் எனக்கு வேறு கருத்து உண்டு.

"அச்சில் இருப்பதை அப்படியே வாசி" என்பது நல்ல புத்தகத்துக்குப் பொருந்தும். கடையில் கிடைக்கும் குழந்தைப் புத்தகங்களில் பலவும் வேறு மொழியில் இருந்து அவசரமாகப் பெயர்த்தவை. "அதனைக் கண்ட கரடியானது மிகுந்த மகிழ்ச்சி அடைந்ததாகக் கூறியது" என்று ஒரு வரி வந்தால் வாசிக்கும் எனக்கே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன போய்ச் சேரும்? அந்த மாதிரிப் புத்தகத்தை நான் மாற்றித்தான் சொல்வேன், படம் நன்றாக இருந்தால் படத்தை மட்டும் காட்டிக் கதையை என் வாயால் சொல்லிவிடுவேன். அதில் ஒரு தப்பும் இல்லை. கடையிலேயே ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் "இக்கதையால் நாம் அறியும் நீதி" என்று இருந்தால் அதையும் தாண்டிவிடலாம். நரி ஏமாந்துபோன இடத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் புத்திமதி சொன்னால் முகம் வாடிவிடும்.

இரண்டாவது, புத்தகமே எல்லாம் என்று இருந்துவிடக் கூடாது. அம்மிச்சி சொன்னதைக் கேட்டு வருத்தப்படாதீர்கள், அவர்களிடம் உள்ள கதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கம்மங்கொல்லையில் மயில் வந்தது, கிணற்றில் ஆடு விழுந்தது, மாட்டுவண்டியில் சந்தைக்குப் போனது, இதையெல்லாம் கொங்குத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். "நீங்க பேசற மாதிரியே அவளுக்கு ஒரு கதை சொல்லுங்க" என்று அவர்களிடமே கேட்டால், கேலி போய்விடும், உங்கள் மகளுக்கு இரண்டு தமிழும் வரும். எங்கள் வீட்டில் என் அம்மா சொல்லும் கதைகளில் "ஓடுனான் ஓடுனான் ஊர் எல்லை வரைக்கும் ஓடுனான்" என்று இழுப்பு வரும். அந்த இழுப்பில் என் மகள் கையால் தரையைத் தட்டிக்கொண்டே வருவாள். அச்சடித்த வரியில் அது வராது.

மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தானாகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டட்டும் என்று விட்டுவிடுங்கள், நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

பேச்சு, மொழி வளர்ச்சியில் சிக்கல் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் கவலைப்பட எதுவும் எனக்குத் தெரியவில்லை, உங்கள் மகளின் மொழி நன்றாக வளர்கிறது. நீங்கள் கேட்ட மூன்றிலும் ஆய்வுகள் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே புத்தகம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் இருந்து தொடங்குகிறேன், பெற்றோர்கள் என்னிடம் அதிகம் சலித்துக்கொள்வது இதைத்தான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து 2011-இல் வந்த ஒரு ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகளை வாசித்தார்கள். புதிய சொற்கள் இரு பக்கமும் ஒரே அளவு தடவைதான் காதில் விழுந்தன. ஆனாலும் ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாகப் பதிந்தன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முதல் தடவை கதை எங்கே போகிறது என்று பார்ப்பதிலேயே கவனம் போய்விடும். கதை தெரிந்த பிறகுதான் சொல்லைக் கவனிக்க இடம் கிடைக்கும். ஆகவே அவள் அந்தப் புத்தகத்தைவிட்டு வரும்வரை வாசியுங்கள். நீங்கள் மாற்றக்கூடியது ஒன்றுதான், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், அவளே முடித்துவிடுவாள்.

வீட்டுப் பேச்சில் வராத சொற்கள் புத்தகத்தில்தான் வருகின்றன என்று ஆசிரியை அம்மா சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 2015-இல் 100 படப்புத்தகங்களில் உள்ள சொற்களை, பெரியவர்கள் சிறு குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே அளவு சொற்களை எடுத்துக்கொண்டால் புத்தகங்களில்தான் வேறுபட்ட சொற்கள் அதிகம் இருந்தன. அது ஆங்கிலத்தில் செய்த ஆய்வு. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள தமிழில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வாசிக்கும் விதமும் முக்கியம். 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சிறிய பயிற்சி தந்தார்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் பேச்சில் முன்னே போயிருந்தார்கள். "இது யானையா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும். "யானை ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கு?" என்று கேட்டால் ஒரு கதை வரும். அவள் "யானை விழுந்துச்சு" என்றால் "ஆமா, வழுக்கிச் சேத்துல விழுந்துச்சு" என்று நீங்கள் சொல்லுங்கள். திருத்துவதாக அவளுக்குத் தெரியாது, ஆனால் ஒரு சொல் கூடிவிடும். அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டுப் பரீட்சை ஆக்கிவிடாதீர்கள், சில ராத்திரிகளில் சும்மா வாசித்தால் போதும்.

டும்பன் பற்றி. இல்லாத நண்பர்களை உண்டாக்கிக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் பல வருடங்கள் ஆராய்ந்தார். அவரும் மற்றவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதையும் சேர்த்தால், 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏழு வயதுக்குள் எப்போதாவது இப்படி ஒரு நண்பர் இருந்திருக்கிறார். தனிமையாலோ குறையாலோ வருவதல்ல அது. அந்தக் குழந்தைகளிடம் "நிஜமா?" என்று கேட்டால், "சும்மா விளையாட்டுக்கு" என்று பெரும்பாலோர் தெளிவாகவே சொல்வார்கள்.

இந்த வயதில் சொற்கள் வேகமாகக் கூடும்போது சில குழந்தைகள் "நான் நான் நான் யானைய" என்று சொல்லை மடக்கி மடக்கிச் சொல்வார்கள். பெரும்பாலும் தானே சரியாகும். "மெதுவாப் பேசு, திருப்பிச் சொல்லு" என்று சொல்லாதீர்கள், நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவள் முடிக்கும்வரை காத்திருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, பேசவே தயங்கினாலோ காட்டிவிடுங்கள். ழ, ர, ற சரியாக வராதது இந்த வயதில் சாதாரணம்.

இதை வாசிக்கும் மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன். இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தை, இருந்த சொற்களை இழக்கும் குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இவர்களுக்குக் கதைப் புத்தகம் மட்டும் போதாது. முதலில் காதைப் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. "பையன்தானே, மெதுவாப் பேசுவான்" என்று காத்திருந்து நாலு வயதில் கூட்டி வருபவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

கோவை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாசித்து முடித்ததும் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. தத்து, ஊர் விளையாட்டை நேற்றே ஆரம்பித்துவிட்டோம், "நெளி" என்றதும் பாய் முழுக்க உருண்டு அலமாரியில் போய் முட்டிக்கொண்டாள். அம்மிச்சியிடமும் போனில் பேசினேன், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே கதை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நல்ல தமிழ்ப் படக்கதைப் புத்தகங்கள் அதிகச் செலவில்லாமல் எங்கே கிடைக்கும்? அப்புறம் அந்த மிஸ்ஸிடம் நான் என்ன சொல்வது? சண்டை போட விருப்பமில்லை, நல்லவர்தான், குழந்தைகளை அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்.

சிங்கப்பூர் அப்பா எழுதியது:

புத்தகங்களுக்கு நான் சொல்கிறேன். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், இறக்கி அச்செடுத்தும் கொடுக்கலாம். திரையில் காட்டுவதைவிட அச்செடுத்து நூலால் தைத்துக் கொடுங்கள், பிள்ளை கையில் வைத்துக்கொண்டு புரட்டுவது வேறு. அச்சுப் புத்தகம் என்றால் சென்னையில் தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவை குழந்தைகளுக்கு வெளியிடுகின்றன, நேஷனல் புக் டிரஸ்ட் விலை குறைவாகவே இருக்கும். மதுரை அண்ணன் சொன்ன சத்தமாக வாசித்துப் பார்க்கும் சோதனையை எல்லாவற்றிலும் செய்துவிட்டு வாங்குங்கள்.

இதோடு என் அனுபவமும் ஒன்று, ஏனென்றால் மேலே பேசியதெல்லாம் வீட்டைச் சுற்றித் தமிழ் கேட்கும் ஊருக்குப் பொருந்துகிறது. இங்கே என் பிள்ளைகள் பாலர் பள்ளியில் பகல் முழுக்க ஆங்கிலம்தான் கேட்கிறார்கள். நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்குக் குறைவில்லை, நாங்களும் அள்ளிக்கொண்டு வருவோம். மூத்தவள் "அடர்ந்த காடு", "கொடிய விலங்கு" எல்லாம் சொல்வாள். ஆனால் ஊரில் இருந்து பாட்டி போன் செய்து "என்னடா தங்கம் சாப்ட்டியா, என்ன கொழம்பு?" என்று கேட்டால் விழிப்பாள். புத்தகத் தமிழ் தெரிந்த பிள்ளைக்குப் பாட்டியின் தமிழ் பிடிபடவில்லை. இதை உணர்ந்துதான் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பேச்சுத் தமிழையும் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வீட்டில் நாங்கள் வாசிப்பதைக் குறைக்கவில்லை, வாசித்த கதையை அடுத்த நாள் காலையில் பல் துலக்கும்போது, பஸ்ஸுக்குப் போகும்போது, பேச்சுத் தமிழில் திரும்பப் பேசுகிறோம். "அந்தக் கரடி என்ன பண்ணுச்சு? நீயா இருந்தா என்ன பண்ணிருப்ப?" இப்படி. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடக் கூடாது.

உங்கள் அம்மிச்சி கொங்குத் தமிழில் பக்கத்திலேயே இருந்து கதை சொல்கிறார்கள் என்றால், அந்த வாய்ப்பை நழுவவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சை எழுதியது:

மதுரைத் தம்பி சொன்னது சரிதான், மோசமான மொழிபெயர்ப்பை அப்படியே வாசிக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். பாட்டி சொல்லும் கதைக்கும் நான் எதிரி அல்ல.

மகளே, மிஸ் விஷயம். அந்தப் பொண்ணு ஒரே ஆளாக எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாளோ, ஒரு பிள்ளை வந்து வீட்டுச் சுவர் இடிந்து அப்பா அழுதார் என்றால் நிஜமாகவே ஏதோ நடந்துவிட்டது என்று பதறியிருப்பாள். அவளைக் குறை சொல்லாமல், "டும்பன் என்று ஒரு விளையாட்டு யானை எங்கள் வீட்டில் இருக்கிறது, அவள் அதைப் பற்றி என்ன சொன்னாலும் கதை" என்று முன்கூட்டியே சொல்லிவிடு. முடிந்தால் நெல்லை அம்மா செய்த மாதிரி டும்பன் கதைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒரு நாள் பள்ளிக்குக் கொடுத்தனுப்பு, மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று மிஸ்ஸிடமே கேள். வாசிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. "இது இவள் சொன்ன கதை" என்று வகுப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டால், கதை எது, நடந்தது எது என்று மிஸ்ஸுக்கும் தெரிந்துவிடும், பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை முதல் பாடவேளையை இதற்கென்றே விட்டுவைத்திருந்தேன், முதலில் வாயே திறக்காத பிள்ளைகள்தான் பிற்பாடு முந்திக்கொண்டு வந்து நிற்பார்கள்.

யானைக்குச் சளி என்கிறாளே, அதற்கு என்ன மருந்து கொடுப்பது என்று இன்றைக்கு ராத்திரி அவளிடம் கேட்டுப் பார். என்ன சொன்னாள் என்று இங்கே வந்து எழுது.